நகராத பெட்டி

(இணையப் பக்கங்களில் அசைவு பற்றி ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்கு ஒரே ஒரு பெட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இணையப் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு நீலப் பெட்டி இருக்கிறது. அது ஒரு விநாடியில் 300 பிக்சல் வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அழைப்பிதழில் தலைப்பைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் இந்தச் சின்னப் பெட்டியை ஒழுங்காக நகர்த்தக் கற்றுக்கொள்ள பிரவுசர் உலகத்துக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடித்தன என்றால் நம்புவீர்களா? அந்தக் கதைக்கு ஒரு மணி நேரம் போதுமா என்பதுதான் என் கவலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி நகர்வதே இல்லை. திரையில் எதுவுமே நகர்வதில்லை. சாதாரணக் கணினித் திரை விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்துக் காட்டுகிறது. ஒவ்வொரு படத்திலும் பெட்டி சற்றுத் தள்ளி வரையப்பட்டிருந்தால் நம் கண் அதை நகர்வு என்று எடுத்துக்கொள்கிறது. 1832-இல் பெல்ஜியத்துக்காரரான ஜோசஃப் பிளாட்டோ ஒரு வட்டத் தட்டில் வரிசையாகப் படம் வரைந்து, சுழற்றிக் காட்டியதும் இதே ஏமாற்று வேலைதான். சினிமாவும் அதுதான், விநாடிக்கு 24 படம். ஆனால் சினிமாவில் எல்லாப் படமும் முன்னாடியே எடுத்து முடித்தவை. புரொஜெக்டர் அவற்றை வரிசையாகக் காட்டினால் போதும். பிரவுசருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அடுத்த படத்தை அந்தக் கணத்தில்தான் வரைந்தாக வேண்டும். விநாடிக்கு 60 என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. அதற்குள் முடியாவிட்டால் திரை பழைய படத்தையே இன்னொரு முறை காட்டிவிடும். நாம் "இழுக்குது", "ஜெர்க் அடிக்குது" என்று சொல்வது அதைத்தான்.

ஆரம்ப காலத்தில் நிரல் எழுதாமலேயே பக்கங்களில் அசைவு வந்துவிட்டது. நெட்ஸ்கேப் பிரவுசரில் 'பிளிங்க்' என்று ஒரு குறி இருந்தது. அதற்குள் எழுதியதெல்லாம் அணைந்து அணைந்து எரியும். லூ மான்டுல்லி என்ற நெட்ஸ்கேப் பொறியாளர் ஒரு மாலை மதுக்கடைப் பேச்சில் விளையாட்டாகச் சொன்ன யோசனையைக் கூட இருந்த பொறியாளர் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிச் சேர்த்துவிட்டாராம். மான்டுல்லியே பிற்பாடு சொன்ன கதை இது. ஃபயர்ஃபாக்ஸ் 2013-இல் அந்தக் குறியைத் தூக்கியது. யாரும் துக்கம் கொண்டாடவில்லை.

மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போட்டிக்குக் கொண்டுவந்தது 'மார்க்கீ'. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள் பலவற்றின் முகப்புப் பக்கத்தில் "விண்ணப்பிக்கக் கடைசித் தேதி" என்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த எழுத்து. அதைக் கவனித்துப் பார்த்திருப்பீர்கள், வழுக்கிக்கொண்டு போகாது, திக்கித் திக்கிப் போகும். காரணம் எளிது. எழுதியவர் வேகம் எதையும் குறிப்பிடாமல் விட்டால், 85 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 6 பிக்சல் தாவ வேண்டும் என்பது மார்க்கீயின் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், விநாடிக்குப் பன்னிரண்டு தாவல்கூடத் தேறாது. 60 படம் காட்டத் தயாராக இருக்கும் திரையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அது பயன்படுத்துகிறது. '85-க்கு ஒருமுறை 6' என்ற இந்த எண்ணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நேரத்துக்கு ஒருமுறை இவ்வளவு தள்ளு என்கிற இந்தப் புத்திதான் அடுத்த பதினைந்து வருஷத் தொல்லைக்கெல்லாம் வேர்.

1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஒரு சின்ன மொழியை உருவாக்கினார். முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று அதற்குப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. அந்த மொழிக்குள் 'செட் டைம்அவுட்' என்று ஒரு வசதி. "இத்தனை மில்லிவிநாடி கழித்து இந்த வேலையைச் செய்" என்று சொல்லி வைக்கலாம். இது அசைவுக்காக வந்ததே அல்ல. ஆனால் கையில் கிடைத்தால் நம் ஆட்கள் விடுவார்களா? பிரவுசரின் அடியில் ஒரு குறிப்புப் பட்டை இருக்குமே, அதில் "எங்கள் பக்கத்துக்கு நல்வரவு" என்று எழுத்தை ஓட விட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் செய்த முதல் அசைவு வேலைகளில் அது ஒன்று.

1997-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, நெட்ஸ்கேப் 4 இரண்டும் வந்தன. பக்கத்தில் உள்ள ஒரு பெட்டியை நினைத்த இடத்தில் வைக்கலாம், வைத்த இடத்தை நிரல் மாற்றலாம் என்பது அப்போதுதான் சாத்தியமானது. நம் நீலப் பெட்டி பிறந்த ஆண்டு அது. ஒரே சிக்கல், இரண்டு பிரவுசரிலும் பெட்டியைக் கூப்பிடும் விதம் வேறு. ஒன்றில் 'லேயர்ஸ்', மற்றதில் 'ஆல்'. ஆக, ஒரே வேலைக்கு இரண்டு நிரல். அப்படி மெனக்கெட்டு என்ன செய்தார்கள் என்றால், மவுஸ் பின்னாலேயே நட்சத்திரங்களை ஓட விட்டார்கள், பக்கம் முழுக்கப் பனி கொட்ட வைத்தார்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். அந்தக் காலத்து நிரல் எப்படி இருக்கும்? "பெட்டியை 5 பிக்சல் தள்ளு. 16 மில்லிவிநாடி கழித்து இதையே மறுபடி செய். 300 ஆனதும் நிறுத்து." அறுபது தள்ளல், ஒவ்வொன்றுக்கும் 16 மில்லிவிநாடி, ஆக ஏறக்குறைய ஒரு விநாடி. காகிதத்தில் கணக்குச் சரியாக வருகிறது. ஓட விட்டால் வராது.

ஏன் வராது? முதல் காரணம், செட் டைம்அவுட்டில் நாம் சொல்லும் எண் உத்தரவு இல்லை, குறைந்தபட்ச அளவு. "இதற்கு முன்னால் செய்யாதே" என்றுதான் அர்த்தம். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். பக்கத்தில் வேறெதையாவது கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தால் நம் பெட்டி காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது காரணம் அன்றைய விண்டோஸ். அதன் உள்கடிகாரம் வழக்கமாக விநாடிக்கு 64 முறைதான் துடிக்கும், அதாவது 15.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. நீங்கள் 16 கேட்டால் அது ஒரு துடிப்பில் அடங்காது. அடுத்த துடிப்பு வரைக்கும் போனால் 31 ஆகிவிடும். ஒரு விநாடியில் போக வேண்டிய பெட்டி இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளும். நிரல் எழுதியவர் தன் கணினியில் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போயிருப்பார்.

தவறு எண்ணில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. "எவ்வளவு தள்ள வேண்டும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு "இந்நேரம் பெட்டி எங்கே இருக்க வேண்டும்?" என்று கேட்க வேண்டும். கிளம்பிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் கடிகாரத்தைப் பாருங்கள். கழிந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். 400 மில்லிவிநாடி ஆகியிருந்தால் பெட்டி 120 பிக்சலில் இருக்க வேண்டும். இடையில் நான்கு படம் தவறிப் போனாலும் அது 120-இல்தான் இருக்க வேண்டும். கச்சேரியில் பாடகருக்கு நடுவில் இருமல் வந்துவிட்டால் தாளம் நிற்பதில்லை. இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பிப்பவரை மிருதங்கக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். தாளம் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே வந்து சேர்ந்துகொள்பவர்தான் வித்வான்.

இது பழைய கதை, இப்போதுள்ள கணினிகளில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். இப்போது வரும் செல்போன்களில் விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரைகள் சர்வசாதாரணம். "படத்துக்கு 5 பிக்சல்" என்று எழுதிய நிரலை அதில் ஓட்டினால் பெட்டி அரை விநாடியில் போய் நின்றுவிடும். அன்றைக்கு மெதுவாகப் போனது, இன்றைக்கு அவசரப்படுகிறது. வியாதி ஒன்றுதான்.

சரி, நேரக் கணக்கு சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெட்டி ஒரே சீரான வேகத்தில் புறப்பட்டு, அதே வேகத்தில் போய், டக்கென்று நிற்கிறது. கணக்கில் பிழையில்லை, பார்க்க உயிரில்லை. உலகத்தில் எடையுள்ள எந்தப் பொருளும் அப்படிப் புறப்படுவதில்லை. வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவின் ஓவியர்கள் இதைப் பத்திருபது வருஷத்தில் கையாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்களில் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-இல் எழுதிய புத்தகத்தில் அசைவுக்குப் பன்னிரண்டு இலக்கணம் சொல்கிறார்கள். அதில் ஒன்று, மெல்லத் தொடங்கி மெல்ல முடிப்பது. இணைய உலகத்தில் அதைச் சூத்திரமாக எழுதிப் பொதுவில் வைத்தவர் ராபர்ட் பென்னர். ஃபிளாஷ் மென்பொருளுக்காக அவர் எழுதிய சூத்திரங்களைத்தான் பிறகு வந்த பலரும் எடுத்தாண்டார்கள்.

இந்த இடத்தில் ஃபிளாஷுக்காக ஒரு வார்த்தை. 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கு எதிராக ஒரு கடிதம் எழுதினார், 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் அதன் கதையை முடித்தது. பாதுகாப்பு ஓட்டைகள், பேட்டரியைத் தின்பது என்று அதன்மேல் சொன்ன குற்றங்கள் நியாயமானவைதாம். ஆனால் நிரல் தெரியாத ஓவியர்கள் உட்கார்ந்து அசைவு செய்ய முடிந்த கருவி அது. அந்த இடத்தை அதற்குப் பிறகு வந்த எதுவும் முழுசாக நிரப்பவில்லை என்பது என் கட்சி.

2006-இல் ஜான் ரெசிக் 'ஜேக்வெரி' என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வெளியிட்டார். பிரவுசர்களின் வேற்றுமைகளை அது மூடி மறைத்துவிட்டது. 'அனிமேட்' என்று ஒரு வரி எழுதினால் பெட்டி போகும், 'ஃபேட் இன்' என்றால் மெல்லத் தெரியும். நேரம் சொல்லாவிட்டால் 400 மில்லிவிநாடி, 'ஃபாஸ்ட்' என்றால் 200, 'ஸ்லோ' என்றால் 600. வேக மாற்றத்துக்கு அது இயல்பாக எடுத்துக்கொண்டது 'ஸ்விங்' என்ற கொசைன் வளைவு. அதை நம் பெட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். சீரான வேகத்தில் போனால் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் 30 பிக்சல். ஸ்விங்கில் முதல் பத்தில் ஒரு விநாடியில் பெட்டி நகர்வது 7 பிக்சல்தான். நடுவழியில் அதே அளவு நேரத்துக்குள் 47 பிக்சல் போகிறது. முடிவில் மறுபடி 7. மொத்தத் தூரம் அதே 300, மொத்த நேரம் அதே ஒரு விநாடி. ஆனால் பார்ப்பவருக்கு அந்தப் பெட்டிக்கு எடை வந்துவிடுகிறது.

ஜேக்வெரியின் உள்ளே ஒரு வேடிக்கை இருந்தது. அது 13 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பெட்டியின் இடத்தைக் கணக்குப் பண்ணும். விநாடிக்கு 77 தடவை. திரையோ 60 தடவைதான் காட்டும். பதினேழு கணக்கு யாருக்கும் தெரியாமலே குப்பைக்குப் போகும். மிச்சமாவது திரையோடு ஒத்துப்போகுமா என்றால் அதுவும் இல்லை. ஒரு படத்துக்கு ஒரு தள்ளல், இன்னொரு படத்துக்கு இரண்டு தள்ளல் என்று மாறி மாறி விழும். கண்ணுக்குச் சின்ன நடுக்கம் தெரியும். சாளரத்தை மூடாமல் வேறு டேபுக்குப் போய்விட்டாலும், பார்க்க ஆளில்லாத பெட்டிக்காக நிரல் ஓடிக்கொண்டே இருக்கும்.

நிரலுக்குத் திரையின் தாளம் தெரியாது, பிரவுசருக்குத் தெரியும். அப்படியானால் பிரவுசரே கூப்பிடட்டுமே என்று யோசித்தவர் மொசில்லாவில் இருந்த ராபர்ட் ஓ'காலஹன். 2010-இல் அவர் முன்வைத்தது, 2011-இல் ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் மக்கள் கைக்கு வந்தது, குரோமும் சேர்ந்துகொண்டது. அதன் பெயர் 'ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்'. "அடுத்த படம் வரையப் போகும்போது என்னைக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிடலாம். திரை 60 என்றால் அறுபது முறை கூப்பிடும், 120 என்றால் நூற்றிருபது முறை. கூப்பிடும்போது மணி என்ன என்பதையும் கையில் கொடுக்கும். டேப் மறைந்திருந்தால் கூப்பிடவே கூப்பிடாது. எத்தனை மில்லிவிநாடி என்று ஊகிக்கிற வேலையே நிரலிடமிருந்து போய்விட்டது.

இவ்வளவு நல்ல சமாசாரத்தை ஜேக்வெரி உடனே எடுத்துக்கொண்டது, 2011-இல், 1.6 பதிப்பில். அதே ஆண்டு 1.6.3-இல் திரும்ப எடுத்துவிட்டது. ஏன் தெரியுமா? அந்தக் காலத்தில் முகப்புப் பக்கத்தில் படங்கள் மாறி மாறி வருகிற ஸ்லைடு ஷோ வைக்காத தளமே இல்லை. ஐந்து விநாடிக்கு ஒருமுறை "அடுத்த படத்துக்கு நகர்" என்று ஒரு டைமர் சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் வேறு டேபுக்குப் போகிறீர்கள். டைமர் நிற்காது, உத்தரவுகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அவற்றை நிறைவேற்ற வேண்டிய அசைவோ நின்றுவிட்டது. உத்தரவுகள் வரிசையில் குவிகின்றன. சாப்பிட்டுவிட்டு அரை மணி கழித்துத் திரும்பி வருகிறீர்கள். அரை மணி நேரத்து ஸ்லைடு ஷோ முழுவதும் அடுத்தடுத்து விடாமல் ஓடுகிறது. புகார் குவிந்தது, ஜேக்வெரி பின்வாங்கியது. 2016-இல் 3.0 பதிப்பில்தான் அது திரும்ப வந்தது. குற்றம் புது வசதியின்மேல் இல்லை, இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொண்டு நிரல் எழுதியவர்கள்மேல். ஆனால் லட்சக்கணக்கான தளங்களில் அப்படி எழுதப்பட்டுவிட்டபோது நூலகம் எழுதுகிறவர் என்ன செய்ய முடியும்?

நேரம் ஆகிறது, அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியின் இடத்தை மாற்றினால் பிரவுசர் என்னென்ன செய்கிறது? முதலில் பக்கத்தில் எது எங்கே எவ்வளவு அகலத்தில் இருக்க வேண்டும் என்று அளக்கிறது. பிறகு நிறம் தீட்டுகிறது. பிறகு தீட்டிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திரைக்கு அனுப்புகிறது. 'லெஃப்ட்' என்ற பண்பை மாற்றிப் பெட்டியை நகர்த்தினால் ஒவ்வொரு படத்துக்கும் அளவெடுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும். 'டிரான்ஸ்ஃபார்ம்' என்ற பண்பை மாற்றினால் கடைசி வேலை மட்டும் போதும். ஏற்கெனவே தீட்டிய அடுக்கை கிராஃபிக்ஸ் சிப் அப்படியே தள்ளி வைத்துவிடும். மங்கலாக்கும் 'ஒபாசிட்டி'யும் அப்படித்தான். வளரும் நிரலாளர்கள் இந்த இரண்டை மட்டும் அசைத்துப் பழகினாலே பாதிப் புகார் தீரும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இனி நம் மொழிக்கே உரிய ஒரு விஷயம். தலைப்பு ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுகிற அசைவைப் பார்த்திருப்பீர்கள், டைப்ரைட்டரில் அடிப்பது மாதிரி. இணையத்தில் கிடைக்கும் நிரலை எடுத்து 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் 'த' வரும். அடுத்து 'தம' வரும். பிறகு அந்த 'ம' சட்டென்று 'மி' ஆகும். 'தமிழ' என்று வந்து நிற்கும். கடைசியில் புள்ளி வந்து உட்காரும். மூன்று எழுத்துக்கு ஐந்து தாவல். ஆங்கிலத்தில் எழுத்து வருகிறது, நமக்கு எழுத்து உருமாறுகிறது. கணினிக்குள் 'மி' என்பது மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடு. 'ழ்' என்பதும் அப்படியே. நிரல் குறியீட்டை எண்ணுகிறது, நாம் எழுத்தை எண்ணுகிறோம்.

இதைவிட மோசமானது, எழுத்துகள் ஒவ்வொன்றும் அலையாகத் துள்ளுகிற அசைவு. அதற்கு நிரல் ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனிப் பெட்டிக்குள் போடும். 'வணக்கம்' ஐந்து எழுத்து, ஆனால் ஏழு பெட்டி. புள்ளிகள் தாங்கி நிற்க எழுத்தில்லாமல் தனியாக மாட்டிக்கொள்ளும். பிரவுசர் பரிதாபப்பட்டு அவற்றுக்கடியில் ஒரு புள்ளிபோட்ட வட்டத்தை வரைந்து கொடுக்கும். 'கொடி' என்றால் அந்த வட்டத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலுமாக ஒரு அலங்கோலம். கல்யாண அழைப்பிதழ் தளங்களில் மணமகன் பெயர் இப்படிச் சிதைந்து துள்ளினால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்!

மருந்து உண்டு. யூனிகோடு அமைப்பு, மனிதர் கண்ணுக்கு ஒரே எழுத்தாகப் படுவது எது என்பதற்கு விதி வகுத்திருக்கிறது. அந்த விதியை விளக்கும் ஆவணத்தில் எடுத்துக்காட்டாக வரும் எழுத்துகளில் நம் 'நி' ஒன்று. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டெல் செக்மென்டர்' என்ற கருவி அந்த விதிப்படி சொல்லை உடைத்துத் தரும். 'தமிழ்' மூன்றாக வரும், 'வணக்கம்' ஐந்தாக வரும். குரோமில் 2020 முதல் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல் வந்து சேர்ந்தது. 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் மட்டும் அது இரண்டிரண்டாக உடைத்துவிடும், அங்கே நாம்தான் கை கொடுக்க வேண்டும். தமிழில் தளம் செய்கிற மாணவர்கள் இந்த ஒன்றையாவது குறித்துக்கொண்டு போங்கள். அசைவு நூலகங்கள் பலவற்றை எழுதியவர்கள் தமிழை மனதில் வைத்து எழுதவில்லை, சோதித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

அசைவு எல்லாருக்கும் இன்பம் தருவதில்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. சில விநாடிகளுக்குச் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை வீதம் மாறி மாறி மின்னின. 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிலருக்கு வலிப்பு. பிளிங்க் குறியைக் கேலி செய்கிறோம், மின்னல் அவ்வளவு விளையாட்டான சமாசாரம் இல்லை. இணையத்துக்கான அணுகல் நெறிகளில் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்று இருப்பது இந்த ஆபத்தால்தான்.

2013-இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 வந்தது. ஆப் திறந்தால் திரையே பாய்ந்து உள்ளே போகும், போனைச் சாய்த்தால் பின்னணி வழுகும். பலருக்குத் தலைசுற்றல், குமட்டல். உட்காதில் சமநிலை உறுப்பு பாதிக்கப்பட்டவர்களுக்குத் திரையில் பெரிய அசைவு ஓடினால் உடம்பே ஆடுகிற மாதிரி இருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஆப்பிள் திருத்தம் கொடுத்தது, 'அசைவைக் குறை' என்ற அமைப்பை இயக்கினால் பாய்ச்சல் போய் வெறும் மங்கலில் படம் மாறும். 2017-இல் அந்த விருப்பத்தைப் பக்கத்தின் நிரலே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி சஃபாரியில் வந்தது, பிறகு மற்றவற்றிலும். ஒரு வரியில் கேட்டுவிடலாம். கேட்கிற தளங்கள் எத்தனை என்று தேடிப் பாருங்கள்.

அதே அணுகல் நெறிகளில் இன்னொன்று, தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் எதையும், மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தெரிகிறதென்றால், நிறுத்துவதற்குப் பயனருக்கு வழி கொடுக்க வேண்டும். 2008-இல் வந்த நெறி இது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுநெறிகள் 2009-இல் வந்தபோது இந்த நெறிகளைத்தான் அடியொற்றின. இதற்கெல்லாம் பிறகும் "விண்ணப்பிக்கக் கடைசித் தேதி" ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கடைசித் தேதியைப் படிக்க வருகிறவருக்குத் தேதி நிற்க வேண்டாமா? கண்பார்வை மங்கிய ஒரு பெரியவர் அதை எப்படித் துரத்திப் பிடிப்பார்?

அசைவே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். நீங்கள் ஒரு பொருளைக் கூடையில் போடும்போது அது கூடை இருக்கும் மூலைக்குப் போவதைக் கண்ணால் பார்த்தால், எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. பட்டியலில் ஒரு வரியை நீக்கினால் கீழே உள்ளவை மேலேறுவதைப் பார்த்தால் எது நீங்கியது என்று புரிகிறது. இதற்கு 200, 300 மில்லிவிநாடி ஏராளம். முதல்முறை பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மெனு திறக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், நாற்பதாவது முறை திறக்கும்போது பயனர் பல்லைக் கடிப்பார். ஸ்க்ரோல் செய்தால் நாம் சொன்ன அளவு போகாமல் தன் இஷ்டத்துக்குப் பக்கம் பறக்கிறதே, அந்தத் தளங்களைச் செய்தவர்களிடம் எனக்குத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது நம் பெட்டியின் நிலைமை என்ன? 2007-இல் சஃபாரியின் உள் இயந்திரத்தை உருவாக்கும் வெப்கிட் குழு, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். வழியாகவே அசைவைச் சொல்லும் முறையை அறிமுகம் செய்தது. "இடம் மாறினால் ஒரு விநாடியில் மெல்ல மாறு" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிரல் ஒதுங்கிக்கொள்ளலாம். ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே அதைச் சொல்லும் 'அனிமேட்' என்ற வசதி 2014-இல் குரோமிலும், 2016-இல் ஃபயர்ஃபாக்ஸிலும், 2020-இல் சஃபாரியிலும் வந்தது. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு நேரத்தில், எந்த வளைவில் என்று நான்கே விவரம். டிரான்ஸ்ஃபார்மும் ஒபாசிட்டியும் மட்டும் என்றால், ஜாவாஸ்கிரிப்ட் வேறு வேலையில் மூழ்கிக் கிடந்தாலும் பெட்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நிரல் தன் கையில் வைத்திருந்த கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரவுசரிடம் கொடுத்த கதைதான் இந்த 20 ஆண்டுக் கதை. கொடுக்கக் கொடுக்க அசைவு நன்றாக ஆயிற்று.

அப்படியானால் நிரலுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, சுவாரசியமான வேலை. பெட்டி போய்க்கொண்டிருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பயனர் மனசு மாறி "திரும்பி வா" என்று பட்டனை அழுத்துகிறார். என்ன செய்வீர்கள்? கடைசி வரை போய்விட்டுத் திரும்பினால் சொன்ன பேச்சு கேட்காத பெட்டி. சட்டென்று தொடக்கத்துக்குத் தாவினால் கண் உறுத்தும். இருக்கும் இடத்திலிருந்தே திரும்ப வேண்டும், அதற்கும் முழு ஒரு விநாடி எடுத்துக்கொண்டால் அசமந்தமாக இருக்கும். சி.எஸ்.எஸ். மாற்றங்களில் இதற்கு விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். பாதியில் திரும்பினால் போன அளவுக்குத் தகுந்த நேரமே திரும்பவும் ஆகும், சீரான வேகமென்றால் மூன்றில் ஒரு பங்கு போனதற்கு மூன்றில் ஒரு பங்கு நேரம். 'அனிமேட்' வழியாகச் சென்றால் 'ரிவர்ஸ்' என்று ஒரே சொல்லில் திருப்பலாம். ஆனால் விரலால் பிடித்து இழுத்து, வீசி விடுகிற பெட்டிக்கு எந்த ஆயத்த விதியும் போதாது. விரல் விட்ட கணத்தில் இருந்த வேகத்தை நிரல்தான் அளந்து, அந்த வேகத்திலிருந்தே அசைவைத் தொடர வேண்டும்.

மேடைக்குக் கீழே அந்த மேசையில் ஒரு மடிக்கணினி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு நீலப் பெட்டிகள் இருக்கின்றன, ஒன்று 'படத்துக்கு 5 பிக்சல்' என்று எழுதியது, மற்றது கடிகாரத்தைக் கேட்டு எழுதியது. கூடவே பிரவுசரைத் திணற வைக்க ஒரு பட்டனும் உண்டு. பின்வரிசைக்காரர்கள் முதலில் வாருங்கள், இரண்டையும் ஓட விட்டு அந்தப் பட்டனை அழுத்துங்கள். அதற்குப் பிறகு கேள்விகளுக்குப் போவோம்.